வெட்டிப் போட்ட அசைவு

நம்பறவங்க நம்புங்க, நம்பாதவங்க கணபதிங்கற எங்க ஊருப் பக்கம் வந்து எங்க மிக்சி கம்பெனி கேண்டீன்ல ஒரு டீ குடிச்சுட்டுப் போங்க. டீ ஆறறதுக்குள்ள யாரோட கையசைவோ வந்து உங்க கையில உக்காந்துட்டு, இல்லாத முந்தானையை இழுத்து இடுப்புல சொருகும், இல்லாட்டி போடாத மூக்குத்தியைத் திருகிப் பாக்கும், நீங்க பேந்தப் பேந்த முழிப்பீங்க, பக்கத்துப் பெஞ்சுல இருக்கறவங்க ஒருத்தரும் திரும்பிக்கூடப் பாக்க மாட்டாங்க. எங்களுக்கெல்லாம் அது பழகிப்போச்சு. காக்கா கத்துனா ஒவ்வொருக்காவும் திரும்பிப் பாக்கறமா என்ன?

எல்லாம் அந்தக் கேமரா வந்த வருசத்துல இருந்துதான். எட்வின்னு ஒரு தம்பி, நாகர்கோயில் பக்கத்துப் பையன், மொதலாளி புதுசா எடுத்த இன்ஜினியரு, ஒவ்வொரு டேபிளுக்கு முன்னாலயும் மூணுகால் ஸ்டேண்டை நட்டு வெச்சு எங்க கையைப் படம் புடிச்சாரு. "மூஞ்சி வேண்டாம்க்கா, கை மட்டும் போதும், எப்பவும் போல செய்யுங்க"ன்னாரு. எப்பவும் போலன்னா எப்படின்னு யாருக்குங்க தெரியும்? மூஞ்சியைக் கண்ணாடியில பாக்கறோம், வேலை செய்யறப்ப நம்ம கையை நாம எப்பப் பாத்தோம்? படம் புடிச்சதையெல்லாம் கண்ணாடி ரூமுக்குள்ள கொண்டுபோயி, கம்ப்யூட்டர்ல முருங்கைக்காய் நறுக்கறாப்பல துண்டு துண்டா நறுக்கி, ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு கலர் குடுத்தாரு. மிக்சிக்கு வேண்டிய வேலைன்னா பச்சை, வேண்டாததுதான் ஆனா தவிர்க்க முடியாதுன்னா மஞ்சள், சும்மா வெட்டியாப் போறதுன்னா சிவப்பு. அப்பறம் பெரிய டிவியில எங்களுக்கே போட்டுக் காட்டுனாரு. அடக் கருமமே, எத்தனை சிவப்பு! செல்வி முந்தானையை இழுத்து இழுத்துச் சொருகறா, தெய்வாத்தா ஒவ்வொரு மோட்டாரையும் எடுக்கறதுக்கு முன்னால தொட்டுத் தொட்டுக் கண்ணுல ஒத்திக்கறா, நானு தோள்பட்டையில மேலுதட்டைத் தொடைச்சுக்கிட்டே இருக்கறேன். வெக்கமாப் போச்சுங்க எங்களுக்கு.

அந்தப் படத்துல எனக்குப் பக்கத்து டேபிள் ரத்தினமும் இருந்தா. அவ பேரு நாகரத்தினம், மோட்டாருக்குக் கார்பன் கட்டையை மாட்டி எம்பக்கம் தள்ளி விடறது அவ வேலை, அதுக்கு ஸ்க்ரூ முடுக்கறது என் வேலை. மிசின் சத்தத்துல கூப்புட்டாக் காது கேக்காது, நானோ குனிஞ்ச தலை நிமிராம முடுக்கிக்கிட்டு இருப்பேன், அதனால மோட்டாரைத் தள்ளி விட்டதும் வெரலோட பின்பக்கத்தால எம் முன்னங்கையில ரெண்டு தட்டு தட்டுவா. அவ்வளவுதான். வேற ஒண்ணும் இல்ல. ஆனா ஒரு மோட்டாருக்கு ஒருக்கான்னு வெச்சுக்கங்க, காலையில இருந்து பொழுதோட வரைக்கும், வருசக்கணக்கா. நானு ஒத்தையாளுங்க. கல்யாணம் நடந்து, அந்தாளு ஓடிப்போயி, அது பழைய கதை; கொழந்தை குட்டி கெடையாது, லைன் வீட்டுல ஒரு ரூம்பு. தனியா இருக்கற ஒரு பொம்பளையை, அதுவும் வயசு ஏறிப்போனவளை, யாருங்க தொடுவாங்க? யோசிச்சுப் பாருங்க. பஸ்ல கண்டக்டர் சில்லறையை மேல இருந்து போடறாரு, கோயில்ல பூசாரி துன்னூறைத் தூக்கித்தான் போடறாரு, வளையல்காரர்கிட்டக் கையை நீட்டி எத்தனை காலமாச்சோ. ரத்தினம் ஒருத்திதான் தொட்டா. அவளுக்கும் அது தெரியாது, எனக்கும் கேமரா வர்ற வரைக்கும் தெரியாது.

டிவியில அந்தத் தட்டல் வந்தப்ப அதுவும் சிவப்பாத்தான் வந்துச்சு.

எட்வின் தம்பி சிவப்புத் துண்டுகளையெல்லாம் ஒண்ணொண்ணா இழுத்து மூலையில இருக்கற குப்பைக்கூடையில போட்டாரு, கம்ப்யூட்டர்க்குள்ள இருக்கற கூடைதான், இது இல்லாட்டி லைன் எத்தனை வேகமா ஓடும்னு மொதலாளிக்குக் காட்டறதுக்காக. மறுநாள் காலையில நாங்க வந்து டேபிள்ல உக்காந்தப்ப அந்த அசைவெல்லாம் எங்ககிட்டயும் இல்ல. நாங்க கட்டுப்படுத்திக்கிட்டோம்னு நெனைச்சுக்காதீங்க. கை அந்தப் பக்கம் போகவே இல்ல, போகணும்ங்கற நெனப்பே வரலை. செல்வியோட முந்தானை நழுவி மடியில கெடந்துச்சு, எனக்கு மேலுதட்டு வேர்வை வாய்க்குள்ள எறங்குச்சு, உப்புக் கரிக்குதேன்னு தோணுச்சே ஒழிய தொடைக்கணும்னு தோணலை. ரத்தினம் மோட்டாரைத் தள்ளி விட்டா. அது வந்து எங் கையில இடிச்சு நின்னுச்சு. நிமிந்து பாத்தேன், அவ அடுத்த மோட்டாருக்குப் போயிட்டா.

லைன் பறந்துச்சுங்க. மொதலாளி எல்லாருக்கும் லட்டு குடுத்தாரு. அப்பறம் கணக்குப் போட்டுப் பாத்து, ஒரு டேபிள் அதிகப்படின்னு கண்டுபுடிச்சாங்க. ரத்தினத்தோட வேலையை அந்தப் பக்கம் பாதி, என் பக்கம் பாதின்னு பிரிச்சுக் குடுத்துட்டு, அவ இருந்த எடத்துல ஒரு தகரச் சரிவைப் பொருத்துனாங்க, மோட்டார் தானா வழுக்கி வர்றதுக்கு. அவ ஒண்ணும் அழுகலை. "நல்லதாப் போச்சு அம்மணி, சுகந்திக்கு இது மாசம், நானே எப்படி லீவு கேக்கறதுன்னு இருந்தேன்"னு சொல்லிட்டு, டிபன் பாக்ஸைக் கழுவிப் பையில போட்டுக்கிட்டு, மகளோட பிரசவத்தைப் பாக்கறதுக்குக் கோபிச்செட்டிபாளையத்துல இருக்கற தன்னோட வீட்டுக்குப் போயிட்டா.

அவ போன வாரத்துலதான் மொதல்ல அது தெரிய வந்துச்சு. லாரிக்கு லோடு ஏத்தற மீசைக்காரரு ஒருத்தரு, அட்டைப்பெட்டியைத் தோள்ல வெச்சுக்கிட்டு நடந்தவரு, நடுவழியில நின்னு, இல்லாத முந்தானையை இழுத்து லுங்கி இடுப்புல சொருகுனாரு. அவ்வளவு அழகாச் சொருகுனாரு. சனம் விழுந்து விழுந்து சிரிச்சுது. மறுநாள் ஆபீஸ்ல கணக்கெழுதற சாரு தோள்பட்டையில மேலுதட்டைத் தொடைச்சாரு, நானு பாத்துட்டு, "அட, அது என்னோடதுங்க"ன்னேன். அப்படித்தான் தெரிஞ்சுது, வெட்டிப் போட்டது ஒண்ணும் செத்துப் போகலை, காம்பவுண்டுச் சுவத்துக்குள்ளயே போக்கிடம் இல்லாம சுத்திக்கிட்டு, கை காலியா இருக்கறவங்க மேல வந்து வந்து உக்காருதுன்னு.

கொஞ்ச நாளைக்குப் பயந்தோம், கொஞ்ச நாளைக்குச் சிரிச்சோம், அப்பறம் அதுக்கும் ஒரு மொறை வந்துருச்சு. யாரோட அசைவாவது உங்ககிட்ட வந்துச்சுன்னா அவங்க பேரைச் சத்தமாச் சொல்லணும், "செல்வியோட முந்தானை!"ன்னு, செல்வி எங்க இருந்தாலும் "வெச்சுக்கோங்க!"ன்னு பதில் குடுக்கணும். குடுக்காட்டி அது போகாது. கொட்டாவிங்க மட்டும் யாருதுன்னு யாரும் ஒத்துக்கலை, அதுங்க மொத்தமாக் கேண்டீன்லயே தங்கிருச்சு, உள்ள நொழையறவங்க ஒரு கொட்டாவி விட்டுட்டுத்தான் டோக்கன் வாங்கணும். ஒரு நாள் வாட்ச்மேன் கேட்டுல நின்னபடியே அடிவயித்துல கையை வெச்சுக்கிட்டாரு, மெதுவா, உள்ளங்கையை விரிச்சு. அது பிரசவத்துக்கு லீவுல போயிருந்த புள்ளை ஒண்ணோடது, வேலைக்கு நடுவுல அவ வயித்தைத் தொட்டுப் பாத்துக்கறதைச் சிவப்புன்னு வெட்டியிருந்தாங்க. அந்தக் கை எடுக்கறதுக்கு நேரமாச்சு. வாட்ச்மேன் அன்னைக்கு யாருகிட்டயும் வள்ளுன்னு விழலை, சாப்பாட்டையும் தொடலை. ஆபீஸ்ல இருந்து "பணியாளர்கள் பிறருடைய அசைவுகளைப் பயன்படுத்தக் கூடாது"ன்னு நோட்டீஸ் ஒட்டுனாங்க, ஒட்டுன கையே பசையைத் தொட்டுட்டு ரெண்டு தடவை மூக்குத்தி திருகுச்சு. ஆயுத பூசைக்குப் பொரிகடலை படைக்கறப்ப, மிசினுக்கெல்லாம் ஒவ்வொரு இலை போட்டுட்டு, ஓரமா ஒரு இலை அதுங்களுக்கும் போட்டோம். போடச் சொல்லி யாரும் சொல்லலை, போட வேண்டாம்னும் யாரும் சொல்லலை.

வெளிநாட்டுல இருந்து ஆர்டர் குடுக்க ஆளுங்க வந்தன்னைக்குத்தான் மொதலாளி மாட்டிக்கிட்டாரு. பேசிக்கிட்டு இருக்கறப்பவே தெய்வாத்தாவோட அசைவு அவரு கைக்கு வந்துருச்சு. எதுத்தாப்பல இருந்த வெள்ளைக்காரரோட வழுக்கைத் தலையைப் பவ்யமாத் தொட்டுத் தன்னோட கண்ணுல ஒத்திக்கிட்டாரு. இந்த ஊரு மரியாதை இதுதான் போலன்னு நெனைச்சுக்கிட்டு, அந்த மனுசனும் எந்திரிச்சு மொதலாளி தலையைத் தொட்டுக் கண்ணுல ஒத்திக்கிட்டாரு. ஆர்டர் கெடைச்சுது, ஆனா மொதலாளி மானம் போச்சுன்னு எட்வின் தம்பியைக் கூப்புட்டு, "அந்தப் பொம்பளையோடதை மட்டும் எடுத்த எடத்துல வெச்சுரு"ன்னாரு. தம்பி கூடையில இருந்து அந்தச் சிவப்புத் துண்டை எடுத்துத் தெய்வாத்தா படத்துல திருப்பிப் போட்டாரு. அன்னைக்கு அவ காய்ச்சல்னு லீவு. வீட்டுல கஞ்சி வெச்சுக்கிட்டு இருந்தவ, அந்த நிமிசமே கேஸ் அடுப்பைத் தொட்டுக் கண்ணுல ஒத்திக்கிட்டாளாம். ஒடனே எல்லாரும் எங்களோடதையும் குடுங்கன்னு கெளம்ப, "இது ஒண்ணுதான், லைன்ல இருக்கற வேற யாரோடதும் கெடையாது"ன்னு மொதலாளி ஒரே போடாப் போட்டுட்டாரு.

இத்தனை கூத்துக்கும் நடுவுல நானு ஒண்ணே ஒண்ணைத்தான் எதிர்பாத்துக்கிட்டு இருந்தேன். ரத்தினத்தோட தட்டலும் வெளியிலதான சுத்துது? சுத்துச்சுங்க, எங் கண்ணால பாத்தேன். ஸ்டோர்ல இருக்கற பையன் கையில வந்து சூப்பர்வைசரைத் தட்டுச்சு, கூட்டற அம்மா கையில வந்து செல்வியைத் தட்டுச்சு, செல்வி "ரத்தினக்கா!"ன்னா, பதில் சொல்ல ரத்தினம் அங்க இல்ல, அதனால நானே "வெச்சுக்கோ"ன்னு சொன்னேன். நேத்து யாருகிட்ட வந்துச்சுன்னு விசாரிச்சு, அவங்க பக்கத்துல சோத்து டப்பாவைத் தூக்கிட்டுப் போயி உக்காருவேன், கையை அவங்க பக்கமா வெச்சுக்குவேன். "என்னடி வசந்தாமணி, ஜோசியக்காரன்கிட்டக் கை நீட்டறவளாட்ட உக்காந்துக்கிட்டு?"ன்னு தெய்வாத்தா கேலி பண்ணுவா. பண்ணட்டும். எல்லாரையும் தொட்டுச்சு, டேங்க் ரிப்பேர் பண்ண வந்த ஆளைக்கூடத் தொட்டுச்சு, எங்கிட்ட மட்டும் வரலை. அதுக்குக் கண்ணா இருக்குது, என்னைத் தேடி வர்றதுக்கு? இருந்தாலும் வருத்தமா இருந்துச்சுங்க. நெம்ப வருத்தமா இருந்துச்சு.

அப்பத்தான் ஒரு நாள் பொழுதோட ரத்தினம் போன் பண்ணுனா. சுகந்திக்குப் பொட்டப்புள்ளை பொறந்து, தீட்டெல்லாம் கழிச்சாச்சுன்னு சொன்னா. சந்தோசமாப் பேசுனவ நடுவுல நிறுத்திட்டா. பின்னால கொழந்தை வீல் வீல்னு கத்தற சத்தம்.

"வசந்தா, எங் கைக்கு என்னமோ ஆயிப்போச்சுடி"ன்னா. "புள்ளையத் தூக்கறேன், தண்ணி வாக்கறேன், தொட்டில்ல போடறேன், எல்லாஞ் செய்யறேன். தட்டித் தூங்க வெக்கலாம்னு கையைத் தூக்குனா அந்தரத்துல நின்னுக்குது. எதுக்குத் தூக்குனேன்னே மறந்து போவுது. புள்ளை பாட்டுக்கு அழுகுது, நானு மரமாட்ட நிக்கறேன்."

"நரம்பா இருக்குமுடி, டாக்டரைப் பாத்தியா?"

"பாத்தாச்சு, ஒண்ணும் இல்லைங்கறாங்க. சுகந்தி நேத்துக் கேட்டுட்டா, ஏம்மா, பொட்டப்புள்ளைன்னுதான் தொட மாட்டேங்கறயான்னு. மாமியா வீட்டுக்கே போயிக்கறேன்னு துணியெல்லாம் எடுத்து வெச்சுட்டா. நானு எப்படிடி அவளுக்குப் புரிய வெப்பேன்?"

இங்க நடக்கறது எதுவும் அவளுக்குத் தெரியாது. நானு சொல்லியிருந்தாலும் சிரிச்சிருப்பா. "சரியாப் போயிரும், விடு"ன்னு போனை வெச்சேன். அவ கையை விட்டுப் போனது இங்க சுத்திக்கிட்டு இருக்கற அந்தத் தட்டல்தான்னு எனக்குத் தெரிஞ்சுபோச்சு. அந்தத் தட்டல் அவகிட்டப் போனா, இங்க அது இருக்காது. இங்க இருந்தா, ஒரு நாளில்ல ஒரு நாள் எங்கிட்ட வரும். அவ்வளவு சின்ன வெசயம், எத்தனை பெருசா நெஞ்சுல வந்து உக்காந்துக்கிச்சு!

மறுநாள் சாப்பாட்டு நேரத்துல கண்ணாடி ரூமுக்குப் போனேன். எட்வின் தம்பி ஒயரையெல்லாம் சுருட்டிக்கிட்டு இருந்தாரு. அந்தக் கம்ப்யூட்டரை ஓசூர்ல இருக்கற எங்க இன்னொரு கம்பெனிக்கு அனுப்பறாங்களாம், பொழுதோட வண்டி வருதாம், அதுக்குள்ள இங்கத்துப் படத்தையெல்லாம் அழிச்சுரணுமாம்.

"ரத்தினத்தோட படம் இருக்குதுங்களா தம்பி?"

"இருக்குக்கா. ஏன் கேக்குதீங்க?"

சொன்னேன். கேட்டுட்டுப் படத்தைத் தேடி எடுத்தாரு. "அவங்கதான் இப்ப லைன்லயே இல்லையே, போட்டா யாருக்கும் நட்டமில்ல"ன்னாரு. படத்துல ரத்தினத்தோட கையி மட்டும் தெரிஞ்சுது, ரப்பர் வளையல் போட்ட கையி, ஓரத்துல எம் முன்னங்கை கொஞ்சம். "இதாக்கா?"ன்னு சிவப்புத் துண்டைக் காட்டுனாரு. "ஒருக்கா ஓட்டுங்க"ன்னேன். ஓட்டுனாரு. படத்துல அவ என்னைத் தட்டுனா. இங்க எனக்கு ஒண்ணும் படலை.

அப்பத்தாங்க, மவுசைப் புடிச்சுக்கிட்டு இருந்த அந்தத் தம்பியோட கையி அதை விட்டுட்டு எம்பக்கம் வந்து, வெரலோட பின்பக்கத்தால எம் முன்னங்கையில ரெண்டு தட்டு தட்டுச்சு.

"அக்கா, நான் இல்ல!"ன்னு பதறுனாரு.

"தெரியும் சாமி"ன்னேன். அத்தனை நாளா அடக்கி வெச்ச அழுகையெல்லாம் அந்த நாற்காலியில உக்காந்து அழுதேன். அது அவளேதான். அந்தப் பையனோட எலும்புக் கையில, ஆனா அவளேதான், அதே மாதிரி, இந்தா வந்துருச்சு பாருங்கற மாதிரி. பையன் தண்ணி புடிச்சுக் குடுத்தாரு. கதவைச் சாத்திட்டு வந்து மெதுவாச் சொன்னாரு:

"அக்கா, இப்பத்தான உங்கள்ட்ட வந்திருக்கு. இங்கனயே கெடக்கட்டும்க்கா. நான் படத்தை அழிச்சுட்டா பொறவு அது எங்கயும் போவாது. அவங்களுக்கு யாரு சொல்லப்போறா?"

நல்ல பையன். எனக்காகத்தான் சொன்னாரு. எனக்கும் ஆசையா இருந்துச்சுங்க, இல்லைன்னு சொல்ல மாட்டேன். வழி தெரிஞ்சுக்கிச்சு, நாளைக்கும் வரும், நாளான்னைக்கும் வரும், ஏதோ ஒரு கையில வந்து என்னைத் தொடும், எனக்கு அது போதும், காலத்துக்கும் போதும். ஆனா அந்தக் கொழந்தை அழுத சத்தம் காதை விட்டுப் போகலை. தொடற கையி ஒண்ணு பக்கத்துலயே இருந்தும் தொடாம நின்னா எப்படி இருக்கும்னு இந்த ஊருல என்னைவிட யாருக்குத் தெரியும்?

"போட்டுருங்க தம்பி"ன்னேன்.

"நெசமாவாக்கா?"

"கேட்டுக்கிட்டே நின்னா மனசு மாறிரும். போடுங்க சாமி."

சிவப்புத் துண்டை இழுத்து அது இருந்த எடத்துல விட்டாரு. ஒண்ணும் ஆகலை. வெளிய யாரோ ஸ்பேனரைக் கீழ போட்டாங்க, சாப்பாட்டு மணி முடிஞ்சுது, நானு மூஞ்சியைக் கழுவிட்டு டேபிளுக்கு வந்துட்டேன். தகரச் சரிவுல மோட்டார் வந்துச்சு, முடுக்குனேன், அடுத்தது வந்துச்சு. பொழுதோட ஓசூர் வண்டி வந்து கம்ப்யூட்டரை ஏத்திக்கிட்டுப் போச்சு. அதுக்கப்பறம் எங்க கம்பெனியில யாரும் "ரத்தினக்கா!"ன்னு கத்தலை. நானும் யாரு பக்கத்துலயும் போயி உக்காரலை.

ரெண்டு வாரம் கழிச்சு ஒரு ஞாயித்துக்கெழமை கோபிக்குப் பஸ் ஏறுனேன். கொழந்தைக்கு ஒரு கிலுகிலுப்பையும், ஒரு சீப்புப் பூவன்பழமும் வாங்கிட்டுப் போனேன். "வாங்க பெரிம்மா"ன்னு சுகந்தி சிரிச்சுக்கிட்டே நாற்காலி போட்டா. துணிமூட்டை எதையும் காணோம். உள்ள இருந்து ரத்தினம் வந்தா, புள்ளையைத் தோள்ல போட்டுக்கிட்டு, வெரலோட பின்பக்கத்தால அதோட முதுகுல தட்டிக்கிட்டே வந்தா. ரெண்டு தட்டு, ஒரு நிறுத்தம், ரெண்டு தட்டு. கொழந்தை வாயைத் தொறந்துக்கிட்டு அவ தோள்ல அசந்து தூங்குது.

"கை சரியாப் போச்சுடி வசந்தா. கவுந்தப்பாடியில ஒரு வைத்தியரு, எண்ணெய் போட்டு நீவி விட்டாரு பாரு, மறுநாள் மத்தியானமே வந்துருச்சு. கைராசின்னா அப்படி ஒரு கைராசி!"

"நல்ல வைத்தியராட்ட இருக்குது"ன்னேன்.

"எங்கம்மா தட்டுனாத்தான் தூங்கறா பெரிம்மா, நானு தட்டுனாக் கண்ணைத் தொறந்துக்கறா"ன்னு சுகந்தி சொன்னா. "மார்கழி கழியற வரைக்கும் இங்கயேதான் இருக்கப்போறேன்." ரத்தினம் அதைக் கேட்டுட்டு மகளைப் பாத்தா பாருங்க ஒரு பார்வை, அதைப் பாக்கறதுக்கே நானு பஸ் ஏறி வந்திருக்கலாம்.

அப்பறம் ரத்தினம் காப்பி போடப் போனா. சுகந்தி போடறேன்னதுக்கு விடலை, வசந்தாவுக்கு நாந்தான் போடணும்னா. ஒரு கையில புள்ளை, இன்னொரு கையில டம்ளர், வாய் நெறையப் பேச்சு, தெய்வாத்தா எப்படி இருக்கறா, செல்விக்கு வரன் அமைஞ்சுதான்னு கேட்டுக்கிட்டே எம்பக்கம் வந்தா. நானு காப்பியை வாங்கறதுக்குக் கையை நீட்டுனேன். அவ வெரலு எங் கையில பட எவ்வளவு எடம் வேணும்? இத்தனூண்டு. அந்த நேரம் பாத்துக் கொழந்தை சிணுங்குச்சு.

"கை ரெண்டும் வேலையா இருக்குது, நீயே எடுத்துக்க வசந்தா"ன்னு சொல்லிட்டு, டம்ளரை ஸ்டூல் மேல வெச்சுட்டு, புள்ளையைத் தட்டிக்கிட்டே அக்கட்ட போயிட்டா.

நானே எடுத்துக் குடிச்சேன். நல்ல காப்பிங்க.